காலத்தை முந்திய கார்களும் கடல் சூழ்ந்த நம் தீவுகளும்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்கள். அந்தமானில் வாழும் தமிழராகிய நமக்கு இப்பழமொழியின் பிற்பாதி நாள்தோறும் காணும் காட்சியாகும். சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டுக்குக் காரும் லாரியும் ஸ்கூட்டரும் வாகனப் படகில் ஏறியே செல்கின்றன. அக்கார்கள் அதற்கு முன்பே பெருங்கடலைக் கடந்து வந்தவை. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகருக்குச் சென்னையிலிருந்து கடல்வழி சுமார் 1,190 கிலோமீட்டர். கல்கத்தாவிலிருந்து சுமார் 1,255 கிலோமீட்டர். கார் மட்டுமா? அதன் டயரும், திருகாணியும், அதற்கு வார்க்கும் பெட்ரோலும் கப்பலில் வந்து இறங்கினால்தான் நம் தெருக்களில் சக்கரம் சுழலும்.

2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களில் நூற்றுக்கு 15 பேரளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வேலைக்கு வந்தவர்கள், வாணிகத்துக்கு வந்தவர்கள், 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பயனாகத் தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் எனப் பல வழிகளில் வந்து சேர்ந்த குடும்பங்கள் இங்கே வேரூன்றியுள்ளன. அக்குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. அடுத்து வாங்கும் வண்டி பெட்ரோலில் ஓடுவதா, மின்சாரத்தில் ஓடுவதா? பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் தமிழன்பர்களும் இதே கேள்வியை எதிர்கொள்கிறார்கள். ஆயினும் எல்லாப் பொருளும் கடல் தாண்டி வரவேண்டிய தீவில் நின்று பார்க்கும்போது, பெருநகரத்தில் மறைந்து கிடக்கும் சில உண்மைகள் தெளிவாகப் புலப்படுகின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ள, காலத்தை முந்திப் பிறந்தவை என்று உலகம் போற்றும் கார்கள் சிலவற்றின் வரலாற்றை நாம் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

காலத்தை முந்திய கார் என்றால் என்ன? வேகமாக ஓடுவதோ விலை மிகுந்ததோ அப்பெயருக்கு உரியதாகிவிடாது. ஒரு கார் பயன்பட வேண்டுமானால் அதற்கு வெளியே நான்கு துணைகள் வேண்டும். ஓடுவதற்கு ஏற்ற சாலை, வேண்டிய இடத்தில் கிடைக்கும் எரிபொருள், பழுதை நீக்கத் தெரிந்த கைகள், வாங்குவோரால் கொடுக்கக்கூடிய விலை ஆகியனவே அவை. இந்நான்கும் ஒன்று சேர்வதற்கு முன்பே தோன்றிவிட்ட காரைத்தான் காலத்தை முந்தியது என்கிறோம். அத்தகைய கார்களுள் சில வாடி உதிர்ந்தன. சில காத்திருந்து வென்றன. சில தமக்கு வேண்டிய துணைகளைத் தாமே உண்டாக்கிக்கொண்டன.

முதல் காரின் கதையே இதற்குச் சான்று. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். வண்டி ஓடியது, ஆனால் அதை நம்பி வாங்குவார் அரிதாக இருந்தனர். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவியார் பெர்த்தா பென்ஸ், புதல்வர் இருவரை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தம் தாய்வீடாகிய ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். அந்நாளில் பெட்ரோல் விற்கும் நிலையம் ஏது? வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்குவதற்காக விற்ற ஒருவகை எண்ணெயை வாங்கி ஊற்றினார். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தினார். மேட்டில் ஏற முடியாதபோது புதல்வர்கள் வண்டியைத் தள்ளினார்கள். ஊர் திரும்பியதும், மேடு ஏறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும் என்று கணவருக்கு எடுத்துரைத்தார். எரிபொருளும் பழுதுபார்ப்பும் இல்லாத நாட்டில் ஒரு வண்டி எவ்வாறு திண்டாடும் என்பதையும், அத்திண்டாட்டமே அதை எவ்வாறு திருத்தும் என்பதையும் அப்பயணம் உணர்த்திற்று.

இன்று புதுமை என்று பேசப்படும் மின்சாரக் கார் பெட்ரோல் காருக்கு இளையதன்று. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பாரிஸ் நகருக்கு அருகில் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் முதன்முதலாகக் காரில் விரைந்து காட்டினார். அந்தக் கார் மின்சாரத்தால் ஓடியது. 1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பெட்ரோல் கார்களைக் காட்டிலும் நீராவிக் கார்களும் மின்சாரக் கார்களுமே மிகுதியாகச் செய்யப்பட்டன. மின்சாரக் காரில் புகையில்லை, நாற்றமில்லை, கியர் மாற்றும் தொல்லையில்லை. பெட்ரோல் காரையோ முன்புறம் நின்று கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்ப வேண்டும். அது எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

பிறகு மின்சாரக் கார் ஏன் தோற்றது? அதன் கனத்த ஈயப் பாட்டரியில் அடங்கிய ஆற்றல் நகரத் தெருக்களுக்கே போதுமானதாக இருந்தது. நகருக்கு வெளியே நல்ல சாலைகள் நீளத் தொடங்கியதும் மக்கள் தொலைவூர்களுக்குச் செல்ல விரும்பினார்கள். அங்கே மின்சாரம் எட்டியிருக்கவில்லை. பெட்ரோலோ தகரத்தில் அடைத்துக் கொண்டு செல்லக்கூடியது. 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், கைப்பிடி சுழற்றும் துன்பத்தையும் ஒழித்தது. ஆக, பெட்ரோல் காரின் பெருங்குறையைப் போக்கி அதை வெற்றி பெறச் செய்தது ஒரு சிறு மின்சார மோட்டாரும் ஒரு பாட்டரியுமே என்பது வேடிக்கையான உண்மை. மின்சாரக் கார் தோற்றதற்குக் காரணம் அதன் கருத்திலிருந்த குற்றமன்று. துணைகளின் குறைவே என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

நம் சென்னை நகரும் அப்போட்டியில் பங்கு கொண்டிருந்தது. 1903ஆம் ஆண்டில் அங்குள்ள சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து தெருவில் ஓட்டினார். ஆயினும் கொதிகலம் சூடேறக் காத்திருக்க வேண்டியிருந்ததும், அடிக்கடி தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்ததும் நீராவிக் காரைப் பொதுவாக உலகெங்கும் பின்தங்கச் செய்தன.

தனக்கு வேண்டிய துணைகளைத் தானே உண்டாக்கிக்கொண்ட கார், ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட டி மாடலாகும். அதன் உயரமான அடிப்பகுதி, குண்டும் குழியுமான நாட்டுப்புறப் பாதையைத் தாங்கியது. அதன் அமைப்பு எளியதாதலால் குடியானவரே அதைப் பிரித்துப் பூட்டினார். 1913ஆம் ஆண்டில் ஃபோர்டின் தொழிற்சாலையில், தொழிலாளி நின்ற இடத்துக்கு வண்டியே நகர்ந்து வரும் முறை ஏற்பட்டது. சுமார் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்டப் பூட்டுவேலை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தொடக்கத்தில் 850 டாலர் அளவில் இருந்த விலை, 1920களில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927ஆம் ஆண்டுக்குள் ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன. காரின் உறுப்புக்களில் புதுமை ஒருபுறம் இருக்க, காரைச் செய்யும் முறையில் நிகழ்ந்த புதுமையே உலகை மாற்றியது. கார் பெருகவே சாலை பெருகிற்று. பெட்ரோல் நிலையமும் பட்டறையும் பின்தொடர்ந்தன.

அடுத்து உருவ அமைப்பில் நேர்ந்த மாறுதலைக் காண்போம். பழைய கார் மாட்டுவண்டியைப் போன்றது. அடியில் உறுதியான ஒரு சட்டம், அதன்மேல் ஒரு கூண்டு. 1922ஆம் ஆண்டில் இத்தாலியின் லான்சியா கம்பெனி லாம்ப்டா என்ற காரில் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. முட்டை ஓட்டைப் போல, உடலே சுமையைத் தாங்கும் அமைப்பு அது. 1934ஆம் ஆண்டில் பிரான்ஸில் ஆந்திரே சிட்ராயன், இவ்வமைப்போடு முன்சக்கரங்களை இயக்கும் முறையையும் நீர்ம அழுத்தப் பிரேக்குகளையும் சேர்த்து, டிராக்‌ஷன் அவான் என்ற காரை வெளியிட்டார். நீண்ட இயக்கத் தண்டு பின்னால் செல்லத் தேவையில்லாததால் தரை தாழ்ந்தது; வண்டி வளைவுகளில் சாயாமல் சென்றது. ஆனால் புதிய ஆலையும் புதிய கருவிகளும் பெருஞ்செலவைக் கொண்டுவந்தன. அவ்வாண்டிலேயே கம்பெனி கடனில் மூழ்கி மிஷலின் டயர் கம்பெனியின் கைக்கு மாறிற்று; அடுத்த ஆண்டில் சிட்ராயன் காலமானார். காரோ 1957ஆம் ஆண்டு வரையில் விற்பனையாயிற்று. இன்று நாம் காணும் சிறு கார்கள் பெரும்பாலானவற்றின் அமைப்பு அதுவே.

இங்கே தீவுவாசிகள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றிலோ எப்போதும் உப்பு. தனிச் சட்டம் உள்ள வண்டியில் மேற்கூண்டு துருப்பிடித்தால் அழகு கெடும். தகட்டைக் கழற்றி வேறு மாட்டலாம். உடலே சட்டமாக உள்ள வண்டியில் அடித்தளமும் கதவுக்குக் கீழுள்ள பகுதியும் துருப்பிடித்தால் வண்டியின் வலிமையே குன்றும். மோதலில் அது உயிரைக் காக்காது. ஆகவே, மேற்பூச்சின் பளபளப்பைப் பார்த்துப் பழைய கார் வாங்குதல் கடற்கரை ஊர்களில் தகாது. அடிப்பகுதியை விளக்கடித்துப் பார்த்தே விலை பேசவேண்டும். கடலோரச் சாலையில் ஓடிவந்த வண்டியின் அடியை நன்னீரால் கழுவுதலும், கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் அடைபடாமல் காத்தலும் சிறு செயல்கள். ஆனால் காரின் ஆயுளில் பல ஆண்டுகளைக் கூட்டுபவை. சென்னை, விசாகப்பட்டினம், பம்பாய் ஆகிய கடற்கரை நகரங்களில் வாழ்வோருக்கும் இது பொருந்தும்.

எரிபொருள் பஞ்சத்தில் பிறந்து உலகை வென்ற காரும் ஒரு தீவில் தோன்றியதே. 1956ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் அடைபட்டபோது இங்கிலாந்தில் பெட்ரோல் பங்கீடு வந்தது. சிக்கனமான சிறு கார் ஒன்றை வகுக்குமாறு அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரிடம் கூறினார்கள். அவர் இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதன் அடியில் பொருத்தினார். பத்து அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைகளுக்குத் தள்ளினார். பத்தடி நீளமே உள்ள காரில் நால்வர் வசதியாக அமர்ந்தார்கள். 1959ஆம் ஆண்டில் மினி என்னும் அக்கார் வெளிவந்தது. 1964ஆம் ஆண்டில் இத்தாலியில் தோன்றிய அவுட்டோபியாங்கி பிரிமுலா, குறுக்கு இஞ்சினின் பக்கத்திலேயே கியர்ப் பெட்டியை அமைத்துக் காட்டிற்று. இன்றைய சிறு கார்கள் பின்பற்றுவது இம்முறையையே.

அக்கருத்து நம் நாட்டுக்கு வந்துசேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் முதல் மாருதி 800 காரின் சாவி உரியவரிடம் அளிக்கப்பட்டது. குறுக்கே வைத்த மூன்று உருளை இஞ்சின், முன்சக்கர இயக்கம், இலேசான உடல் ஆகிய அனைத்தும் ஐரோப்பாவில் அந்நாளில் பழகிய செய்திகள். ஆனால் நம் சாலைகளில் புதியன. அதுவரையில் நம் நாட்டுச் சாலைகளை ஆண்டது, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலக் காரின் வழிவந்த அம்பாஸடர். 1950களின் இறுதியில் தொடங்கி 2014ஆம் ஆண்டு வரையில் அது உத்தர்பாராவில் செய்யப்பட்டது. போர்ட் பிளேரில் டாக்ஸி என்றாலே நெடுங்காலம் அம்பாஸடர்தான். மேடும் பள்ளமுமான அந்நகரில் ஏற்றத்தில் செல்லும்போது வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாயும். எனவே பின்சக்கரம் இயங்கும் கனமான வண்டி நனைந்த சாலையிலும் பிடித்து ஏறியது. எந்தப் பட்டறையிலும் அதைச் செப்பனிடத் தெரிந்த ஒருவர் இருந்தார். மாருதி குறைந்த பெட்ரோலில் ஓடி, குறுகிய தெருவில் எளிதில் திரும்பியது. காலத்தால் பிந்திய அம்பாஸடர் தீவில் நெடுநாள் நிலைத்ததற்கும், மாருதி பிறகு பரவியதற்கும் காரணம் ஒன்றே: அவ்வவ்வேளையில் அவ்வவற்றுக்குத் துணை நின்ற கைகளும் கடைகளும்.

தமிழ்நாட்டில் தோன்றிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதனை இன்னும் தெளிவாக்கும். 1961ஆம் ஆண்டு முதல் சென்னையில் செய்யப்பட்ட அக்காரில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் தொங்கமைப்பைப் பெற்றிருந்தன. அந்த விலைக்கு அது அரிய வசதி. முன்மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து இஞ்சினைச் சுற்றிலும் திறந்து காட்டும். திரும்பும் வட்டத்தின் விட்டம் சுமார் 25 அடியே. துண்டு துண்டாகப் பூட்டிய உடல், தனிச் சட்டத்தின்மேல் அமர்ந்திருந்தது. ஆயினும் பின்சக்கரத் தொங்கமைப்பின்மேல் நம் நாட்டு உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் நம்பிக்கை பிறக்கவில்லை. 1972ஆம் ஆண்டில் வந்த கஸல் என்ற அடுத்த மாடலில் அதை நீக்கி, பழைய முறைப்படி ஒரே அச்சைப் பொருத்தினார்கள். கொண்டாட வேண்டிய புதுமையை, அதைப் பேணத் தெரிந்தோர் பெருகாமையால் பின்வாங்கிக்கொண்ட நிகழ்ச்சி அது.

நான்கு துணைகளோடு ஐந்தாவதாக அரசாங்கத்தின் இசைவும் ஒருகாலத்தில் வேண்டியிருந்தது. கோயம்புத்தூரின் பெரும் பொறியியல் மேதை ஜி. டி. நாயுடு 1952ஆம் ஆண்டில் சுமார் 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். லைசென்ஸ் கிடைக்காமையால் உற்பத்தி நின்றுபோயிற்று. மலிவான சிறு கார் என்ற கருத்து நம் நாட்டில் வேரூன்ற அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி மின்சாரக் காரின் மறுபிறப்புக்கு வருவோம். 1993ஆம் ஆண்டில் கேரளத்துச் சாலக்குடியோடும் கோயம்புத்தூரோடும் தொடர்புடைய ஒரு கம்பெனி லவ்பேர்டு என்ற இருவர் அமரும் மின்சாரக் காரை வெளியிட்டது. அது மிகச் சிலவே விற்றது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996ஆம் ஆண்டு முதல் வாடகைக்கு அளித்த ஈ.வி.1 என்ற காரைச் சில ஆண்டுகளில் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டது. பெங்களூரில் 2001ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ரேவா, ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடியது. லண்டன் தெருக்களிலும் ஜி-விஸ் என்ற பெயரில் உலவியது. 2012ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. இவை முதலில் நம்பியிருந்தது நூறாண்டுக்கு முந்திய அதே ஈயப் பாட்டரியை. 1991ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்து, கைக்கருவிகளில் பயின்று, மெல்ல மெல்ல விலை குறைந்த லித்தியம் அயனிப் பாட்டரியே நிலைமையை மாற்றியது. 2010ஆம் ஆண்டில் ஜப்பானின் நிஸ்ஸான் லீஃப் காரும், 2012ஆம் ஆண்டில் டெஸ்லாவின் எஸ் மாடலும் வெளிவந்தன. 2019ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகிலுள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து கோனா என்ற மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. 1899இல் விரைந்து காட்டிய கருத்து, ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டு காத்திருந்து நம் வாயிலை எட்டியது.

இக்காரைத் தீவில் வைத்து எண்ணிப் பார்ப்போம். பெருநிலத்தில் வாழ்வோர் மின்சாரக் காரைப் பற்றிக் கொள்ளும் முதல் அச்சம், வழியில் மின்னாற்றல் தீர்ந்துவிடுமோ என்பதாகும். தீவிலோ தொலைவே குறைவு. போர்ட் பிளேரிலிருந்து வாண்டூர் சுமார் 30 கிலோமீட்டர். சிடியா தாப்பு சுமார் 25 கிலோமீட்டர். ஹேவ்லாக் என வழங்கிவந்து, 2018ஆம் ஆண்டில் ஸ்வராஜ் துவீப் எனப் பெயர் பெற்ற தீவில் படகுத் துறையிலிருந்து ராதாநகர்க் கடற்கரை சுமார் 12 கிலோமீட்டர். ரேவா போன்ற பழைய காரே போய்த் திரும்பக்கூடிய தொலைவுகள் இவை. மேலும், மேடேறச் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரக் கார் இறக்கத்தில் மீட்டுக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பாட்டரியை நிரப்புவதே காரணம். பெருநிலத்தில் மின்சாரக் காரைத் தோற்கடித்த நெடுந்தொலைவு இங்கே இல்லை.

அப்படியானால் உடனே வாங்கிவிடலாமா? எரிபொருள் என்ற துணையை முதலில் ஆராய வேண்டும். அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையே மின்கம்பித் தொடர்பு இல்லை. தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் மின்னாக்கிகளிலிருந்து பிறக்கிறது. அந்த டீசலும் கப்பலில் வருவதே. டீசலை எரித்துப் பெற்ற மின்சாரத்தால் காரை ஓட்டினால், தெருவில் வரவேண்டிய புகை மின்நிலையத்தில் வரும். மின்சார மோட்டார் பெட்ரோல் இஞ்சினைவிடத் திறமையுடையதாதலால் சிறிது ஆதாயம் உண்டு. ஆனால் எதிர்பார்த்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்துபோகும். கதிரவன் ஒளியிலிருந்தும் நீர்வீழ்ச்சியிலிருந்தும் மின்சாரம் பெருகும் அளவுக்கே மின்சாரக் காரின் நன்மையும் பெருகும். திக்லிப்பூருக்கு அருகில் கல்பாங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் 2001ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. தெற்கு அந்தமானில் 2020ஆம் ஆண்டில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும், அதனோடு பெரும் பாட்டரிச் சேமிப்பும் இயங்கத் தொடங்கின. அதனை அமைத்தது நெய்வேலி நிலக்கரிக் கழகமாக நாம் அறிந்திருந்த என்.எல்.சி. நிறுவனம் என்பது தமிழர் மகிழத்தக்க செய்தி. பழுப்பு நிலக்கரியில் பேர்பெற்ற நிறுவனம் தீவில் கதிரொளியை மின்சாரமாக்குகிறது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு பாடம் கிடைக்கிறது. தீவில் மின்சாரக் கார் வைத்திருப்போர், கூடுமானவரையில் வெயில் காயும் பகற்பொழுதில் மின்னேற்றுதல் நலம். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு அமைத்தால் இன்னும் நலம். இரவில் எல்லோரும் விளக்கெரிக்கும் வேளையில் ஏற்றினால் டீசல் இயந்திரத்துக்கே வேலை மிகும்.

அடுத்தது பழுதுபார்க்கும் கைகள். மின்சாரக் காரில் இயங்கும் உறுப்புக்கள் குறைவு. எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் கோளாறு நேர்ந்தால் ஸ்பானரால் தீர்க்க முடியாத உயர் மின்னழுத்தக் கோளாறாக அது இருக்கக்கூடும். பயிற்சி பெற்றவர் ஊரில் உளரா, உதிரி உறுப்பு வரக் கப்பலுக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டறியாமல் பணம் கட்டுதல் கூடாது. உப்புக் காற்று மின் இணைப்புக்களை அரிப்பதால், அவற்றை மூடிக் காக்கும் ஏற்பாடும் வேண்டும். ஆயுள் முடிந்த பாட்டரியைத் தீவில் எறியக்கூடாது. அது மண்ணையும் நீரையும் கெடுக்கும், தீப்பற்றவும் கூடும். அதைப் பெருநிலத்துக்குத் திருப்பி அனுப்பும் பொறுப்பை விற்பவர் ஏற்பாரா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இதனை நம் இளைஞர்கள் வேலைவாய்ப்பாகவும் காணலாம். ஹெரால்டுக்குக் கிட்டாத தேர்ந்த மெக்கானிக்குகள் மின்சாரக் காருக்குக் கிட்டுவார்களானால், அதன் காலம் தீவில் விரைவில் கனியும்.

சாலை என்ற துணையைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இருப்பதற்கில்லை. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரையில் 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டின் ஊடே செல்கிறது. 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அப்பகுதியில் போக்குவரத்தை நிறுத்துமாறு ஆணையிட்டது. அதன்பின்னும் அது முற்றிலும் நிற்கவில்லை. ஜிர்காடாங்கில் வண்டிகளை நிறுத்தி, வரிசையாகச் சேர்த்து, காவலோடு அனுப்புகிறார்கள். இடையில் நிற்கலாகாது, முந்தலாகாது, படம் பிடிக்கலாகாது. சாலையைக் கேட்டுப் பெற்றவர்கள் அம்மக்கள் அல்லர். வெளியார் வரவு அவர்களுக்கு நோயையும் இன்னலையும் கொண்டுவரக்கூடியது. எத்துணைச் சிறந்த காரானாலும் அது செல்லாதிருப்பதே மேன்மையாகும் இடங்கள் உண்டு. புகையில்லாத கார் வந்துவிட்டது என்பதற்காக அவ்வெல்லை மாறிவிடாது.

திருவள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே இடனறிதல் என்னும் அதிகாரத்தையும் வைத்தார். மோட்டார் வண்டியின் வரலாற்றைப் பார்க்குங்கால் அவ்வைப்புமுறையின் பொருத்தம் நன்கு விளங்குகிறது. ஒரு காரின் காலம் வந்துவிட்டதா என்னும் கேள்விக்கு உலகம் முழுமைக்கும் ஒரே விடை இல்லை. இடத்துக்கு இடம் அது வேறுபடும். தில்லியில் வாழும் அன்பர் தம் நகரத்துக் காற்றையும், பெங்களூரில் வாழ்வோர் தம் அன்றாடப் பயணத் தொலைவையும், தீவில் வாழ்வோர் தம் மின்சாரத்தின் பிறப்பிடத்தையும் எண்ணியே விடை காணவேண்டும். சாலை எத்தகையது, எரிபொருள் எங்கிருந்து வருகிறது, செப்பனிடுவார் யார், செலவு நம் வருவாய்க்குத் தாங்குமா என்ற நான்கு கேள்விகளையும் விளம்பரங்கள் நமக்காகக் கேட்பதில்லை. வண்டியின் சாவியை வாங்குவதற்கு முன் நாம்தான் அவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.